மடங்காத பலகை – கடிதம்

அன்புள்ள அக்கா,

அப்பாவின் லாரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். என் பிக்கப் வண்டியின் பின்தொட்டி எட்டடி நீளம், ஐந்தரை அடி அகலம். அதன்மேல் கூண்டு கட்டி, ராத்திரி தங்கிப் படுக்கும் கேம்பராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான், மனைவி, எழுபது வயது அம்மா, மூன்று பேர். இரண்டு பக்கமும் 24 இன்ச் இருக்கை, நடுவே 18 இன்ச் வழி, அதில் ஒரு மேஜை. ராத்திரி மேஜையை இறக்கினால் முழு அகலத்துக்கும் ஒரே படுக்கை. மேஜையை இறக்குவது நல்லதா, இருக்கையின் மரச்சட்டங்களை இழுத்து நீட்டுவது நல்லதா? 18 எம்.எம். பிளைவுட் வேண்டுமா? ஃபோமா, தென்னைநாரா? பயணத்தில் அம்மா பின்னால் படுத்துக்கொண்டே வரலாம் என்றும் நினைக்கிறேன்.

கே., பொள்ளாச்சி

அன்புள்ள தம்பி,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. வண்டி ஓடும்போது பின்கூண்டில் ஒரு ஆளும் இருக்கக் கூடாது, அம்மா இருக்கவே கூடாது. ஒரு பிரேக்குக்கு அவர் எங்கே போய் விழுவார் என்று யோசித்தீர்களா? முன்னால், பெல்ட் போட்டு உட்காரட்டும். வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன்அனுமதி வேண்டும். அதையும் வாங்கிவிட்டு உளியை எடுங்கள்.

பிளைவுட், ஃபோம் எல்லாம் சின்ன விஷயம். 18 எம்.எம். முழு ஷீட் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும், வண்டிக்கு வீண் சுமை. 12 எம்.எம். வாட்டர்ப்ரூஃப் எடுத்து அடியில் அடிக்கொரு சட்டம் கொடுத்தால் போதும். 40 டென்சிட்டி ஃபோம், நாலு இன்ச், மேலே பருத்தி உறை. ரெக்சின் வேண்டாம், வேர்க்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அப்பாவின் லாரிப் பலகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பு எழுதியபோது அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் லாரியை வெறும் சேஸியாகத்தான் வாங்குவார்கள். கேபின், தொட்டி எல்லாம் எங்கள் நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் மரத்தில் கட்டுவது. 1986இல் அப்பா வண்டி கட்டியபோது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு பெர்த் போட்டார்கள். கீல் வைத்த பெர்த். பகலில் தொங்கி, சாய்மானமாக இருக்கும். ராத்திரி தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் படுக்கை. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். வழியில் கைகாட்டும் ஆட்களை ஏற்றிக்கொள்ள இடம் கிடைத்தது, நாலு காசும் கிடைத்தது.

அதில் அப்பா படுக்கவே இல்லை.

அப்பாவும் மாற்று டிரைவரும் முறை போட்டு ஓட்டுவார்கள். முறை முடிந்து கண் எரிய எழுந்து வந்தால், சாய்மானத்தில் மூன்று பேர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுப்பி, நகர்த்தி, சங்கிலி மாட்டி... "அடுத்த ஊர்ல எறங்கிடுவாங்க, இருக்கட்டும்" என்பார். அடுத்த ஊரில் வேறு இரண்டு பேர் ஏறுவார்கள். சேலத்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போன ஒரு நடையில், ஓய்வில்லாமலே மறுபடி ஸ்டியரிங் பிடித்தவர் விடியற்காலையில் கண் அசந்துவிட்டார். வண்டி தார் ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்று காலையே சாலையோர வெல்டிங் கடையில் பலகையைப் படுக்கை நிலையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கீல் இரண்டையும் வெல்டு வைத்து இறுக்கிவிட்டார். அதன் பிறகு எங்கள் வண்டியில் கைகாட்டும் ஆட்களை ஏற்றவில்லை.

அடுத்த கோடை லீவில், ஒன்பது வயதில், நான் அந்தப் பலகையில் படுத்துக்கொண்டு போனேன். வேர்த்த கன்னம் ரெக்சினில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் சத்தம் வரும். காதுக்குக் கீழே பலகை அதிரும். மேட்டில் கியர் மாற்றினால் அந்த அதிர்வு கரகரவென்று தடிக்கும், இறக்கத்தில் மெலிந்துவிடும். கீழே, கேபினுக்குள் எஞ்சினை மூடியிருக்கும் பானட் மேல் சாக்கு விரித்து கிளீனர் அண்ணன் தூங்குவார். அப்பா முறை முடிந்து மேலே ஏறும்போது என்னைச் சுவரோரம் நகர்த்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சாய்வார். இரண்டாவது மூச்சில் குறட்டை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? உட்காரும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றானால், முதலில் தூக்கம் வருகிறவர்தான் காத்திருக்க வேண்டும். ரயிலில் நடு பெர்த்தை விரிக்க இரவு 10 முதல் காலை 6 வரை என்று விதியே போட வேண்டியிருக்கிறது. உங்கள் கூண்டில் அந்த விதியை யார் சொல்வது? நீங்களும் மனைவியும் பத்தரை வரை மேஜையில் பேசிக்கொண்டிருப்பீர்கள். எட்டு மணிக்கே கண் சொருகும் அம்மா, "எனக்குத் தூக்கம் வரல கண்ணு, நீங்க பேசுங்க" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அம்மாக்கள் மேஜையை எடு என்று சொல்ல மாட்டார்கள் தம்பி. சொல்வார்கள் என்று நினைத்து வண்டி கட்டாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தாலும் அதேதான். சுவரோரம் படுத்தவர் உங்கள் இருவரையும் தாண்டி எப்படி வெளியே வருவார்? தாண்ட வேண்டுமே என்று பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்.

ஆகவே மேஜை வேண்டாம். ஒரு பக்கத்து இருக்கையை அம்மாவுக்கென்று நிரந்தரமாக விட்டுவிடுங்கள். எட்டடியும், தலை முன்பக்கம், கால் கதவுப் பக்கம். அதில் கீலே கூடாது. எதிர்ப்பக்கம் உங்களுடையது. அதைத்தான் இழுத்து நீட்ட வேண்டும். சட்டங்களை இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுவிட்டு ஒன்று, பாதியை இருக்கையின் நகராத பெட்டியிலும் பாதியை நகரும் முன்காலிலும் அடியுங்கள். நடுவே 3 எம்.எம். விடுங்கள், மழையில் மரம் உப்பினால் சிக்கிக்கொள்ளும். மெழுகுவர்த்தியை உரசிவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். சாய்மான மெத்தையை இருக்கை மெத்தையின் அதே நாலு இன்ச் தடிமனில், சரியாக 18 இன்ச் உயரத்துக்கு வெட்டினால் அதுவே நடுவழியை நிரப்பிவிடும். தடிமன் மாறினால் இணைப்பு இடுப்பில் குத்தும். ரயிலில் இரண்டு இருக்கையை இணைத்துப் படுக்கும் சைடு லோயரில் படுத்தவர்களுக்கு அது தெரியும்.

நீட்டுவது ஆறடியோடு நிற்கட்டும். கதவுப் பக்கம் மிஞ்சும் இரண்டடியில் அம்மா நகர்ந்து வந்து காலைத் தொங்கவிட்டு எழுந்துகொள்ளலாம். அங்கே சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கைப்பிடி வையுங்கள், சட்டத்தில் போல்ட் போட்டு. பிளைவுட்டில் வெறும் ஸ்க்ரூ நிற்காது.

தொட்டியின் அளவு, வழியின் அளவு, பிளைவுட் தடிமன் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் அளவு ஒன்றுகூட இல்லை. எனக்கு அதில்தான் கோபம். நாளைக்கு அவரை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை டேப் பிடித்துப் பாருங்கள். ஃபோம் அமுங்கிய பிறகு இருக்கை அந்த உயரத்துக்கு வர வேண்டும். பெட்டியை அதைவிட மூன்று இன்ச் குறைத்து அடியுங்கள். அளவை எனக்கும் எழுதுங்கள்.

அக்கா