மன்னர் சார்ள்ஸின் வாரிசுகளுக்கும் டிஸ்னிக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் கேள்விகள் – சட்டப் பக்கம்

கேள்வி: புளோரிடா மாநில அரசுக்கும் டிஸ்னி கம்பனிக்கும் பெரிய வழக்கு நடந்ததாம், அதில் ஒரு ஒப்பந்தத்தில் இங்கிலாந்து மன்னர் சார்ள்ஸின் பெயரும் இருந்ததாம் என்று என் மருமகன் சொல்கிறார். உண்மையா? விளையாட்டுப் பூங்கா நடத்துகிற கம்பனிக்கு அரசாங்கத்தோடு என்ன வழக்கு?
– ஒரு வாசகர், வாழைச்சேனை

பதில்: மருமகன் சொன்னது உண்மைதான் ஐயா. மன்னரிடம் கொஞ்சம் பிறகு வருகிறேன், முதலில் காணிக் கதை.

1967இல் புளோரிடா சட்டசபை, ஒர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரேஞ்ச், ஒசியோலா என்ற இரண்டு மாவட்டங்களில் கிடந்த ஏறக்குறைய 25,000 ஏக்கருக்கு, டிஸ்னி கம்பனிக்காக, ஒரு தனி நிர்வாகத்தை உண்டாக்கிக் கொடுத்தது. ரீடி கிரீக் என்று பெயர். அதற்கு முந்திய டிசம்பரிலேயே கம்பனியை ஆரம்பித்த வால்ட் டிஸ்னி இறந்துவிட்டார், பூங்கா திறந்தது 1971 ஒக்டோபரில். வீதி, வடிகால், தண்ணீர், தீயணைப்பு, கட்டட அனுமதி, கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவது எல்லாம் அந்த நிர்வாகத்தின் கையில். விமான நிலையமும் அணு மின் நிலையமும் கூடக் கட்டலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. நம்மூர்க் கணக்கில் பிரதேச சபை, நீர் வழங்கல் சபை, மின்சார சபை மூன்றும் ஒரு கம்பனியின் வளவுக்குள் இருந்தது போல. சரி, அந்தச் சபைக்கு ஆட்களைத் தெரிவு செய்தது யார்? காணிக்காரர்கள், ஏக்கருக்கு ஒரு வாக்கு. நம் பக்கத்தில் 100 ஏக்கர் வயல் உள்ள போடியாருக்கு 100 வாக்கு, அதே வயலில் ஆயுள் முழுக்க வேலை செய்தவருக்கு ஒன்றும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அங்கே 55 வருடம் நடந்தது, காணியில் பெரும்பகுதி டிஸ்னியுடையது என்பதால் சபையும் டிஸ்னி சொன்னபடி.

2022இல் சண்டை வந்தது காணியால் இல்லை. பாலியல் நாட்டம், பாலின அடையாளம் பற்றிச் சிறு வகுப்புகளில் படிப்பிக்கக் கூடாது என்று ஆளுநர் ரொன் டிசாண்டிஸின் அரசு சட்டம் கொண்டுவந்தது. டிஸ்னி முதலில் பேசாமல் இருந்தது, சொந்த ஊழியர்களே கோபப்பட்டதும் அந்தச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தது. அடுத்த மாதமே, ஏப்ரலில், ரீடி கிரீக்கைக் கலைக்கிற சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த நிர்வாகத்தின் தலையில் ஏறக்குறைய 100 கோடி டொலர் கடன் இருந்தது. கலைத்தால் அந்தக் கடன் யாருக்கு? டிஸ்னியின் சண்டையிலும் ஆளுநரின் சண்டையிலும் ஒரு பங்கும் இல்லாத அந்த இரண்டு மாவட்டத்துச் சனத்தின் சோலைவரியில் வந்து விழும் என்ற பயம் எழுந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கடன் கட்டி முடியும்வரை இந்த நிர்வாகத்தின் அதிகாரத்தில் கை வைக்கமாட்டோம் என்று கடன் கொடுத்தவர்களுக்கு மாநிலம் வாக்குக் கொடுத்திருந்தது. அதனால் 2023 பெப்ரவரியில் கலைப்பதை விட்டுவிட்டு, பெயரை மாற்றி, சபையின் ஐந்து பேரையும் ஆளுநரே நியமிப்பார் என்று புதுச் சட்டம் போட்டார்கள்.

இப்போது மன்னர். அந்தச் சட்டம் கையெழுத்தாவதற்கு முன்பு, பெப்ரவரி 8ஆம் தேதி, பழைய சபை டிஸ்னியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. காணியில் என்ன கட்டலாம் என்ற உரிமை 30 வருடத்துக்கு டிஸ்னியிடம், டிஸ்னி பார்க்காமல் சபை தன் சொந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக்கூட மாற்ற முடியாது. இந்தக் கட்டுப்பாடு என்றென்றைக்கும் செல்லும். அப்படிச் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால், ஒப்பந்தம் செய்த அன்றைக்கு உயிரோடிருக்கும் மன்னர் மூன்றாம் சார்ள்ஸின் வாரிசுகளில் கடைசி ஆள் இறந்து 21 வருடம் வரை செல்லும் என்று எழுதினார்கள். ஆங்கிலச் சட்ட மரபில் காணி மீதான கட்டுப்பாட்டை முடிவே இல்லாமல் வைக்க விடமாட்டார்கள், உயிரோடு உள்ள ஒருவரின் ஆயுளும் அதற்கு மேல் 21 வருடமும் என்பது பழைய எல்லை. அரச குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார், இறந்தார் என்பதற்குப் பதிவு தேடி அலைய வேண்டியதில்லை, அதனால் சட்டத்தரணிகள் அவர்கள் பெயரைப் போடுவது வழக்கம்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். கருத்துச் சொன்னதற்காகத் தண்டித்தார்கள் என்றால் அமெரிக்க அரசியலமைப்பின்படி டிஸ்னி வென்றிருக்க வேண்டுமே, ஏன் தோற்றது?
– ஒரு மாணவி, அக்கரைப்பற்று

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. 2023 ஏப்ரல் 26 அன்று புதுச் சபை அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்மானித்தது, டிஸ்னி அதே நாளில் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனது. சில நாளில் சபை ஒரேஞ்ச் மாவட்டத்தில் மாநில நீதிமன்றத்தில் டிஸ்னி மீது வழக்குப் போட்டது. ஆக ஒரே விசயத்துக்கு இரண்டு வழக்கு. 2024 ஜனவரி 31 அன்று சமஷ்டி நீதிபதி அலன் வின்சர் டிஸ்னியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டம் எழுத்தளவில் ஒழுங்காக இருந்தால், அதைக் கொண்டுவந்தவர்களின் மனதில் பழிவாங்கும் எண்ணம் இருந்தது என்று காட்டி அதை உடைக்க முடியாது என்பது அவர் சொன்ன முக்கியமான காரணம். ஆளுநர் மேல் வழக்குப் போட டிஸ்னிக்குத் தகைமை இல்லை என்றும் சொன்னார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆளுநர் தன் எண்ணத்தை மறைக்கவே இல்லை, மேடை மேடையாகச் சொன்னார். ஏக்கருக்கு ஒரு வாக்கு என்ற முறை நியாயமில்லாதது, அது போனதில் எனக்குத் துக்கம் இல்லை. ஆனால் வாய் திறந்ததற்காகப் பறித்தது பிழை. அதுவும் பறித்து, அங்கு வாழ்கிற சனத்தின் கையில் கொடுக்கவில்லை, ஆளுநரின் கைக்குத்தான் போனது.

டிஸ்னி மேன்முறையீடு செய்தது, ஆனால் முடியவிட்டுப் பார்க்கவில்லை. 2024 மார்ச்சில் மாநில வழக்கு இணக்கமாக முடிந்தது, பழைய ஒப்பந்தம் செல்லாது என்று டிஸ்னி ஏற்றுக்கொண்டது. ஜூனில் 15 வருடத்துக்குப் புது ஒப்பந்தம் வந்தது, 1,700 கோடி டொலர் வரை முதலிடுவதாக டிஸ்னி சொன்னது, மேன்முறையீட்டையும் கைவிட்டது. படிக்கிற பிள்ளை நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய ஒப்பந்தத்தைத் தாக்கச் சபை எடுத்த வாதங்களில் ஒன்று, பாதிக்கப்படும் காணிக்காரருக்கு முறையாக அறிவித்தல் அனுப்பவில்லை என்பது. பத்திரிகையில் விளம்பரம் போட்டு, பகிரங்கக் கூட்டமும் வைத்துச் செய்த ஒப்பந்தத்துக்கே அந்தக் கதி.

கேள்வி: கல்குடாவில் மீன்பிடித் தொழில் செய்கிறோம். ஹோட்டல்கள் வந்தபிறகு வள்ளம் இழுத்து வைக்க இடம் குறைந்துகொண்டே போகிறது. கம்பனி அரசாங்கத்தை வழக்கில் இழுக்கலாம் என்றால் எங்களைப் போன்றவர்களால் முடியாதா?
– ஒரு வாசகர், கல்குடா

பதில்: முடியும் தம்பி, ஆனால் நம் நாட்டில் நாள் கணக்கு மிக முக்கியம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பிறகு நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை விடாது. சட்டமூலமாக இருக்கும்போதே போக வேண்டும். 2021இல் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலத்துக்கு அப்படித்தான் பலர் உயர் நீதிமன்றம் போனார்கள், நிறையப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லி, திருத்திய பிறகுதான் சட்டம் நிறைவேறியது. அது வெறும் 269 ஹெக்டெயர் காணி.

ஆனால் உங்கள் விசயம் பெரும்பாலும் சட்டமூலம் அளவுக்கு வராது. வர்த்தமானி அறிவித்தல், குத்தகை, அனுமதிப் பத்திரம், இவைதான் வரும். இவையெல்லாம் நிறைவேற்றுத்துறையின் செயல், எதிர்க்கலாம். எப்பாவலயில் பொஸ்பேற் எடுக்க அரசு வெளிநாட்டுக் கம்பனியோடு செய்யவிருந்த ஒப்பந்தத்துக்கு எதிராக அந்த ஊர்க்காரர் சிலர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டு 2000இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், நாட்டின் வளத்தை மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பதுதான் அரசின் நிலை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அம்பாறையில் பாணமையில் 2010இல் காணியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் விடாமல் போராடினார்கள், அந்தக் காணியைத் திருப்பிக் கொடுக்க 2015இல் அமைச்சரவையே தீர்மானித்தது. தீர்மானம் வந்த பிறகும் அவர்கள் காணிக்காக அலைய வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நீங்கள் செய்யக்கூடியது இது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, அந்தக் கடற்கரைக் காணியின் குத்தகைப் பத்திரத்தையும் வரைபடத்தையும் கேளுங்கள், சங்கத்தின் பெயரில் கேட்டால் இன்னும் நல்லது. பெரிய கட்டடத் திட்டத்துக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை செய்தால் அதைத் தமிழிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் விட வேண்டும்; அந்த நாட்களுக்குள் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது கோப்பில் இருக்காது. அடிப்படை உரிமை வழக்கு என்றால் 126ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதம்தான். அதனால் கரையில் வேலி விழுந்த அன்றோ, அறிவித்தல் ஒட்டிய அன்றோ போனில் படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி எடுங்கள், அடுத்த கிழமையே ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.