போர்ட்டருக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் என்ன உறவு?

சேலம் ஜங்ஷனில் பெட்டியைத் தலையில் ஏற்றும் போர்ட்டர், ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையின் எக்ஸ்போர்ட், லாரியின் நெற்றியில் எழுதிய டிரான்ஸ்போர்ட். மூன்றிலும் 'போர்ட்' ஏன் வருகிறது?

லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல். அதுதான் வேர். 'எக்ஸ்' சேர்ந்தால் வெளியே, 'இம்' சேர்ந்தால் உள்ளே, 'டிரான்ஸ்' சேர்ந்தால் ஓரிடம் கடந்து மறு இடத்துக்கு. நம் சுமை, சுமந்தான், சுமைதாங்கி போலத்தான். (சாலையோரச் சுமைதாங்கிக் கல்லில் தலைச்சுமையை இறக்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

அசை என்பது வேறு கணக்கு. வாய் ஒரு தட்டில் ஒலிக்கும் துண்டு. ஆங்கில உச்சரிப்பில் டிரான்ஸ்போர்ட்டில் இரண்டு, டிரான்ஸ்போர்ட்டேஷனில் நான்கு.

அசை பிரியும் இடத்தில்தான் வேரும் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 'போர்ட்டபிள்' வாயில் போர்-ட-பிள் என்று உடையும்போது வேரின் கடைசி 'ட்' அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது.