சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்காகப் பள்ளியிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எட்டு வயது மகளுக்கு வாசிப்பில் கற்றல் குறைபாடு என்று மதிப்பீட்டு அறிக்கை வந்திருக்கிறது. பள்ளியில் கேட்டால் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். ஆனால் ஒன்றும் மாறவில்லை. சண்டை போடாமல் எப்படிக் கேட்பது?

"பார்த்துக்கொள்கிறோம்" என்று பெரும்பாலான ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யார் பார்ப்பார், வாரம் எத்தனை முறை, எதை வைத்து முன்னேற்றத்தைச் சொல்வார் என்பது அதில் இல்லை. ஆசிரியர் மாறினாலோ பரீட்சை நெருங்கினாலோ அந்தப் பேச்சு காற்றோடு போய்விடும். அதை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் முதல் வேலை.

அதற்கு முன் அறிக்கையை நீங்களே உட்கார்ந்து வாசியுங்கள். பலர் தடுமாறுவது பர்சன்டைலில். 16ஆவது பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 16 மதிப்பெண் என்று அர்த்தமில்லை. அதே வயதுக் குழந்தைகள் 100 பேரை நிற்க வைத்தால் சுமார் 84 பேர் அவளுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வகைத் தேர்வுகள் பலவற்றில் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. அந்த அளவில் 85 வாங்கினால் 16ஆவது பர்சன்டைல், 70 வாங்கினால் 2ஆவது. மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். பேச்சுவழிப் புரிதல் 115, செயல்வேகம் (பார்த்ததைப் புரிந்து செய்து முடிக்கும் வேகம்) 78, மற்றவை நடுத்தரம் என்றால் மொத்தம் சராசரிக்குள் வந்து நிற்கும். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்" என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. உட்பிரிவு எண்கள்தான் உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு குறைந்த எண்ணுக்கும், "இதனால் வகுப்பில் அவளுக்கு எது கடினமாக இருக்கும்?" என்று மதிப்பீடு செய்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கூடவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். "கணக்கு என்றாலே கோபப்படுகிறாள்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், மாலை 6.10. மூன்று வாக்கியக் கணக்குகள். முதல் கணக்கை இரண்டு முறை வாசித்தாள், பென்சிலை எறிந்தாள். வாசித்துக் காட்டியதும் மூன்றையும் 7 நிமிடத்தில் போட்டாள்." சிக்கல் கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது என்பதை இந்த நான்கு வரி காட்டிவிடும். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன ஆனது என்ற மூன்றும் இருந்தால் போதும்.

பிறகு பள்ளிக்கு ஒரே பக்கத்தில், தேதியிட்டு ஒரு கடிதம். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். பத்து கேட்டால் எளிதான இரண்டைத் தந்துவிட்டு முக்கியமானதை விட்டுவிடுவார்கள். தனிநபர் கல்வித் திட்டம், அதாவது அவளுக்கென்று தனியாக எழுதப்படும் இலக்குகளும் உதவிகளும், பற்றிப் பேச ஒரு கூட்டம் கேளுங்கள். அதன் வரைவைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த வரைவில் "வாசிப்பில் முன்னேற்றம் காண்பாள்" என்று இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி இருக்க வேண்டும்: "இரண்டாம் வகுப்புப் பத்தியை இப்போது நிமிடத்துக்கு 24 சொல் சரியாக வாசிக்கிறாள். 20 வாரத்தில் அதே நிலைப் பத்தியை 42 சொல், தொடர்ந்து மூன்று அளவீடுகளில். சிறப்பாசிரியருடன் வாரம் 4 நாள், 30 நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவீடு." எண்கள் உதாரணத்துக்குத்தான், மொழிக்கு மொழி மாறும். ஆனால் தொடக்க நிலை, இலக்கு, பொறுப்பாளர், நேரம், அளவீடு ஆகிய ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

சலுகைகளில் அதிகம் தவறாகப் போவது தேர்வில் தரும் கூடுதல் நேரம். வாசிக்கவே தடுமாறும் குழந்தைக்கு அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்தால் அரை மணி நேரம் கூடுதலாகத் தவிப்பாள். அவளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். இன்னொன்று: கேள்வியை வாசித்துக் காட்டுவது வேறு, பாடத்தையே குறைப்பது வேறு. இரண்டாவது பிற்காலத்தில் சான்றிதழைப் பாதிக்கக்கூடும், அதனால் எது தரப்படுகிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்காரும் உதவியாளரையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். ஆசிரியர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிடுவதும், தோழிகள் விலகுவதும் அதில் நடக்கிறது.

கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் பேச வேண்டாம், குறிப்பெடுத்தால் போதும். அங்கேயே கையெழுத்தும் போட வேண்டாம். வீட்டில் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். அன்று மாலையே மின்னஞ்சல்: "இன்று பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் திருத்துங்கள்."

"ஒருத்திக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொன்னால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, கல்வியில் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதரச் சொல்கிறது. அதை ஏற்ற நாடுகளில் அதையும், அந்தந்த நாட்டுச் சட்டப் பிரிவையும் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள். வகுப்பாசிரியரோடு மோதாதீர்கள். தினமும் அவளோடு இருப்பவர் அவர். பல நேரம் அவருக்கே கையில் உதவி இல்லை. மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, தலைமையாசிரியர், பிறகு கல்வித் துறை என்று படிப்படியாகப் போங்கள்.

திட்டம் ஓடத் தொடங்கியதும் அளவீடுகளை வாங்கி ஒரு கட்டத்தாளில் புள்ளி வையுங்கள். தொடக்கத்திலிருந்து இலக்குக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால், ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல், கற்பிக்கும் முறையை மாற்றச் சொல்லி அந்தத் தாளோடு உடனே ஒரு கூட்டம் கேளுங்கள்.