குடல் ஆறுவதற்காகப் பத்தியத்தில் இருக்கும் குழந்தைக்கு எந்த எண்ணெயில் சமைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயது மகன், குடலில் நீண்ட நாள் அழற்சி. மருத்துவர் சொல்லி அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை, பால் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். வீடு பாளையங்கோட்டையில். மாமியார் நல்லெண்ணெய்தான் என்கிறார், வாட்சப்பில் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்று வருகிறது, கடைக்காரர் ரீஃபைண்ட் ஆயில் வயிற்றுக்கு லேசு என்கிறார். எதை வாங்குவது?

என் மகளும் இதே மாதிரிப் பத்தியத்தில் இருந்தவள், நாங்கள் அம்பாசமுத்திரம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த எண்ணெய் என்பதைவிட, அது எங்கே ஆட்டினது, அதில் வேறு என்ன கலந்திருக்கிறது, பிள்ளைக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தீர்களா என்பதுதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு கொழுப்பு. முதலில் தேங்காய் எண்ணெய், மருத்துவர் சரி என்றால் நெய், வயிறு நிலைப்பட்ட பிறகு கொஞ்சம் நல்லெண்ணெய். எங்களுக்கு ஒத்துவந்த வரிசை அதுதான்.

எண்ணெயை வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். வயிறு சரியில்லாத பிள்ளை என்றாலே வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிடுவார்கள். எங்கள் ஆச்சியும் அப்படித்தான், "எண்ண பட்டா வயிறு எளகிரும்லா" என்று ஒவ்வொரு வேளையும் சொல்வார்கள். சோறும் இட்லியும் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது பரவாயில்லை. ஆனால் சோறு, இட்லி, தோசை, பால் எல்லாம் நின்றுபோன பிள்ளைக்கு எண்ணெயையும் குறைத்தால் சத்து எங்கேயிருந்து வரும்? ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது, 100 கிராம் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுரைக்காயும் புடலங்காயும் வேகவைத்துக் கொடுத்து, அதிலும் எண்ணெய் விடாமல் விட்டால் பிள்ளை இளைத்துவிடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குடலில் ஏறுவதற்கும் கொழுப்பு வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்பதை உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள், "கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்கிற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சரி, தேங்காய் எண்ணெய். நம் பக்கத்தில் இதற்குக் குறைவில்லை, கடையம், தென்காசி, செங்கோட்டை வரை தோப்புதான். இருந்தாலும் கொப்பரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுகிற கொப்பரை சந்தையில் உண்டு, அது பளீரென்று வெள்ளையாக இருக்கும். நாங்கள் தெரிந்த தோப்பில் தேங்காய் வாங்கி, உடைத்து, மாடியில் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டினோம். அந்த வசதி இல்லாவிட்டால், ஆட்டுகிற இடத்துக்கே போய்க் கொப்பரையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடையோ காறலோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தலைக்குத் தேய்க்க வாசனை சேர்த்து விற்கிற பாட்டிலை அவசரத்துக்குக்கூட சமையலில் ஊற்ற வேண்டாம். சாரல் நாளில் எண்ணெய் உறைந்துபோனால் பயப்படாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத்தான் செய்யும்.

தேங்காய் எண்ணெயே மருந்து என்று வாட்சப்பில் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பு ஜீரணமாகாத பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் எம்.சி.டி. ஆயில் (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் உள்ள எண்ணெய்) என்று ஒன்று எழுதிக் கொடுப்பார்கள். அது பித்தநீரின் உதவி அதிகம் இல்லாமலே குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்கள், ஒன்றில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம், அதில் பெரும்பங்கு மற்றக் கொழுப்புகள் போகிற வழியில்தான் போகிறது. மருத்துவர் எம்.சி.டி. எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள், அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்ற வேண்டாம். நல்ல எண்ணெய், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற எண்ணெய், அவ்வளவுதான். குடலை ஆற்றுவது மருத்துவர் கொடுக்கிற சிகிச்சை. இந்த எண்ணெயை ஊற்றினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

எண்ணெயைவிட என் மகளுக்கு அதிகம் கைகொடுத்தது தேங்காய்ப்பால்தான். நம் ஊர்ச் சொதியைப் பத்தியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேண்டாம். கேரட், தோல் சீவிய தடியங்காய் (வெண்பூசணி), பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் கொஞ்சம் பீன்ஸ், எல்லாவற்றையும் மூன்றாம் பாலில் குழைய வேகவிட்டு, இஞ்சிச் சாறு கொஞ்சம், இரண்டாம் பால், கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். பச்சை மிளகாயைப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்து விட்டுவிடலாம். தேங்காய்த் துருவலாகக் கொடுத்தால் சக்கை வயிற்றைக் குடையும், பாலில் அந்தத் தொந்தரவு குறைவு, கொழுப்பும் உள்ளே போகும். பாலை வீட்டில்தான் பிழிய வேண்டும். கடையில் கிடைக்கிற தேங்காய்ப்பால் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்தும், பாலிலிருந்து எடுத்த கேசினேட்டும் சேர்ப்பது உண்டு. நீங்கள் நிறுத்திவைத்திருக்கிற இரண்டுமே அந்தப் பாக்கெட் வழியாக உள்ளே வந்துவிடும்.

அப்புறம் நெய். இங்கே நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பாலை எதற்காக நிறுத்தினீர்கள்? பால் சர்க்கரையான லாக்டோஸ் சேரவில்லை என்பதற்காக என்றால் நெய்யில் அது இல்லாத மாதிரிதான், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பால் புரதம் ஒவ்வாமை என்றால் கதை வேறு. நெய்யில் அந்தப் புரதம் துளி மிச்சம் இருக்கும், சில பிள்ளைகளுக்கு அந்தத் துளியே போதும். அப்படியானால் அவர் சரி என்று சொல்லும்வரை நெய் வேண்டாம், வீட்டில் எவ்வளவு சுத்தமாக உருக்கியிருந்தாலும் வேண்டாம்.

அனுமதி கிடைத்தால் வீட்டிலேயே உருக்குங்கள். உப்பில்லாத வெண்ணெய், அடி கனமான பாத்திரம், சிறு தீ. சலசலப்பு அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமானதும் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். அந்தக் கசண்டைச் சர்க்கரை போட்டுச் சாப்பிடாத பிள்ளை நம் ஊரில் கிடையாது, ஆனால் பால் புரதம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. மணத்துக்கு முருங்கை இலை போடுவதில் தவறில்லை. வெளியே வாங்கும் நெய்யில் டால்டா கலப்படம் உண்டு என்பதால், எனக்கு ஆக்மார்க் முத்திரை இல்லாத நெய்யை வாங்க மனம் வரவில்லை. தாளிக்க நெய் ரொம்ப வசதி, அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் புகையாது.

உங்கள் மாமியார் சொல்கிற நல்லெண்ணெய்க்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயும் நெய்யும் மட்டும் போதாது, இரண்டிலும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத லினோலிக் அமிலம் ரொம்பக் குறைவு. எள்ளில் அது நிறைய, கொழுப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு வரும். அதனால் ஒரு கட்டத்தில் நல்லெண்ணெய் கட்டாயம் வர வேண்டும்.

ஆனால் செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள், தெரியுமா? எண்ணெய் நன்றாகப் பிரிந்து வருவதற்கும் ருசிக்கும் போடுவது. உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே இருக்கும்போது நம் செக்குக்காரர்கள் போடாமல் ஆட்ட மாட்டார்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது, கருப்பட்டி பெரும்பாலும் புண்ணாக்கோடு போய்விடும், தெளிந்த எண்ணெயில் கணக்கில் வருகிற அளவுக்குச் சர்க்கரை இருக்காது. ஆனால் சரியாகத் தெளியாத எண்ணெயில் அடியில் கசடு தங்கும், அதில் இருக்கலாம். நான் செக்குக்காரரிடம் சொன்னேன், "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பத்தியம், இந்த ஒரு ஆட்டுக்குக் கருப்பட்டி வேண்டாம்" என்று. எண்ணெய் கொஞ்சம் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆட்டிக் கொடுத்தார். கேட்டால் செய்வார்கள். முடியாவிட்டால் வெயிலில் வைத்து நன்றாகத் தெளியவிட்டு, அடிக்கசடு கலங்காமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

செக்கில் இன்னொரு சிக்கல். காலையில் கடலை ஆட்டின அதே செக்கில்தான் மத்தியானம் எள்ளும் கொப்பரையும் ஆட்டுவார்கள். உங்கள் பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாமையும் இருந்தால் இது சாதாரண விஷயமில்லை, செக்கு எண்ணெயில் புரதம் மிச்சம் இருக்கும். அந்த நிலைமையில் தேங்காய் மட்டுமே ஆட்டுகிற இடத்தைத் தேடுங்கள். எள்ளுக்கே ஒவ்வாமை வருகிற பிள்ளைகளும் உண்டு, அதனால் முதல் முறை அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. விளக்கேற்ற என்று விற்கிற தீப எண்ணெய் சமையலுக்கு ஆனதில்லை, வீட்டில் இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்தால் உடனே பிரித்து வையுங்கள்.

ரீஃபைண்ட் ஆயில் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். சூரியகாந்தி எண்ணெயை நான் என் மகளுக்கு வாங்கவில்லை, அதற்குக் காரணம் பல பாக்கெட்டுகளில் கெடாமல் இருக்கவும் நுரை வராமல் இருக்கவும் சேர்க்கிற பொருட்களின் எண்கள் பின்னால் அச்சாகியிருக்கும், ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கிற காலத்தில் அந்தக் குழப்பம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. ரேஷன் பாமாயிலும் அப்படியே, வீட்டில் மற்றவர்கள் சமையலுக்குப் போகட்டும்.

அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வேலை பாதி குறையும். ஆட்டுக்கால் சூப்பை ஆறவைத்தால் மேலே கொழுப்பு ஆடையாகக் கட்டும், முதல் சில நாள் அதை எடுத்துவிட்டுக் கொடுங்கள், ஒத்துக்கொண்டதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுங்கள். தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை மீன் இன்னும் நல்லது. ஒமேகா 3 கொழுப்பு அந்த மீனிலேயே இருக்கிறது, எண்ணெயில் பொரிக்காமல் வாழை இலையில் வைத்து ஆவியில் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம். சைவம் என்றால் ஒமேகா 3க்கு என்ன செய்வது என்று உணவியல் நிபுணரிடம் தனியாகக் கேளுங்கள், ஆளி விதையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், அதன் நார் புண்ணான குடலுக்குச் சேராமல் போகலாம்.

எதைப் புதிதாகச் சேர்த்தாலும் நான்கைந்து நாள் வேறு எதையும் மாற்றாமல் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு, தண்ணீரில் மிதந்து, கடுமையான நாற்றத்தோடு போனால் கொழுப்பு ஜீரணமாகவில்லை என்று அர்த்தம், வேறு எண்ணெய்க்குத் தாவாமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் கண்டாலோ எடை இறங்கினாலோ அன்றைக்கே போங்கள்.

கடைசியாக, வீட்டுக்குள் தப்பிவிடுகிற இரண்டு இடங்கள். ஒன்று தாளிப்பு: கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் கடுகு, சீரகம், கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று அப்பளமும் வடையும் பொரித்த எண்ணெய். வீணாகுமே என்று அதை வடிகட்டி எடுத்துவைத்துப் பிள்ளையின் பொரியலுக்கு ஊற்றிவிடுவார்கள், மாவு முழுக்க அதில் இருக்கும். அவனுக்கென்று ஒரு சின்ன இரும்புச் சட்டியும், மூடி போட்ட ஒரு சின்ன எண்ணெய்த் தூக்கும் தனியாக வைத்து, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், கோயில் கொடை விழாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் அதையே கையோடு கொண்டுபோங்கள்.