சிறு பிள்ளைகளுக்கு மனத்திடம் வளர்க்கும் குடும்பப் பயிற்சி வகுப்புகளால் உண்மையிலேயே பயன் உண்டா?

கேட்டிருப்பவர் பாளையங்கோட்டைக்காரர். நாலு வயது மகன், சின்னதாக ஏதாவது தோற்றாலே சுருண்டு படுத்துக்கொள்கிறானாம். மழை இருட்டினால் அம்மா சேலையை விடுவதில்லையாம். பக்கத்தில் பணம் வாங்கிக்கொண்டு ‘மனத்திட வகுப்பு’ நடத்துகிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

வகுப்பு நடக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று முதலில் விசாரியுங்கள். பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு உங்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்றால், அந்தப் பணத்துக்கு வேறு செலவு பாருங்கள்.

நான் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு இன்னமும் ‘பால்வாடி டீச்சர்’தான். இந்த விஷயத்தில் பயன் தந்ததாக ஆராய்ந்து சொல்லப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் பெற்றவர்களுக்கானவை. ஜமைக்காவில் 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போவார். வீட்டில் கிடக்கும் பொருளில் செய்த விளையாட்டுச் சாமான்தான் கையில். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவைச் செய்யவைத்துப் பழக்குவார். அவள் செய்ததைப் பாராட்டுவார். இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்டவற்றில் ஒன்று, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்பா பம்பாயிலோ வளைகுடாவிலோ இருக்கும் எங்கள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஆச்சிதான் அந்த ஆள். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு ஆச்சியை யாரும் கூப்பிடுவதில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். தாய்மார் கூட்டம் போட்டு, “பிள்ளையோடு நேரம் செலவழியுங்கள்” என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ஒரு அக்கா மட்டும் நேராகவே கேட்டாள்: “டீச்சர், நீங்க சொல்லுதது சரிதான். மடியில சுளகு இருக்கு, எதிர்க்க பிள்ள நிக்கான். நாளைக்குக் கடையில ஆயிரம் பீடி போடணும்லா, எப்பக் கொஞ்ச?”

அதனால் அவள் வீட்டு நடையிலேயே உட்கார்ந்து யோசித்தோம். கையும் கண்ணும் இலையில் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது. பிள்ளை சிணுங்கினால் “போ அங்கிட்டு” என்பதற்குப் பதிலாக, “இந்தக் கட்டு முடியட்டும், வாரேன்” என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நூல் சுற்றி முடிந்ததும் சுளகை இறக்கிவிட்டு, கை கழுவி, நிஜமாகவே அவனிடம் போக வேண்டும். ஒரு நிமிஷம் போதும். பையன் முதலில் கத்தினான். போகப் போக, அம்மா கட்டுக்கு நூல் எடுப்பதைப் பார்த்ததுமே எழுந்து நிற்க ஆரம்பித்தான். சொன்னால் வருவாள் என்று தெரிந்த பிள்ளைக்குக் காத்திருக்க முடிகிறது. காத்திருக்கப் பழகியவன் பல்லாங்குழியில் தோற்றாலும் முத்தை வாரி எறிய மாட்டான். (புகையிலைத் தூள் பக்கம் மட்டும் பிள்ளையை விடக் கூடாது. சற்றுத் தள்ளி, காற்றில் தூள் பறந்து வராத பக்கம் உட்கார வையுங்கள். இதில் நான் கறார்.)

மழை பயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் மையத்திலும் இதைப் பார்த்தோம். “பயப்படாதே” என்றால் பயம் போகாது. “ஆமா, அன்னைக்கு எல்லாருக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தண்ணி வந்துச்சு, மாடிக்குப் போனோம், பொறவு வடிஞ்சிட்டு, வீட்டக் கழுவுனோம்” என்று நடந்ததை வீடு கழுவியது வரை சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் பிள்ளைக்குத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அண்டாத் தண்ணீரில் பொம்மையை முக்கி எடுத்து வெள்ள விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பெரியவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தால் இது எதுவும் எடுபடாது. மகன் அப்போது விவரம் தெரியாத சிறு குழந்தையாக இருந்திருக்கலாம். அப்படியானால் அவன் பார்த்துப் பயப்படுவது மழையையா, மழை வந்தால் மாறிப்போகும் உங்கள் முகத்தையா என்று கவனியுங்கள்.

காசு கொடுக்காமல் ஆரம்பிக்க அங்கன்வாடி இருக்கிறது. 1975இலிருந்து நடக்கும் திட்டம். 2019இல் அப்போதைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷே தன் மகளை அங்கன்வாடியில் சேர்த்தார். அதற்குப் பிறகு ‘அங்கேயா’ என்று முகம் சுளித்தவர்கள் சிலர் எட்டிப் பார்த்தது எனக்கு இன்னமும் சந்தோஷம். எல்லா மையமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வீட்டில் அம்மாவுக்கே பல நாளாகத் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், பிள்ளைக்கு வகுப்புத் தேடுவதை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் 14416க்குப் பேசச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.