வாசகர் கேள்வி: லண்டன் போக ஐந்தரை மணி, திரும்பி வரப் பதினைந்தரை மணியா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள், ஜனவரி மாதம் சென்னையிலிருந்து நேராகச் செல்லும் விமானத்தில் எனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். காலை 5.30-க்குக் கிளம்பி அன்றே காலை 11 மணிக்கு ஹீத்ரோ சேரும் என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது பகல் 1 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலை 4.30-க்குத்தான் மீனம்பாக்கம் வருகிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகிற விமானத்துக்கு லண்டன் தானாக எதிரே வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியா? வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகின்றன. ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலை 11 என்றால் தண்டையார்பேட்டையில் மாலை 4.30. ஆகவே போகும் பயணம் 11 மணி நேரம். திரும்பும் பயணத்தில் அதே ஐந்தரையைக் கழித்தால் 10 மணி நேரம். (மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், அப்போது வித்தியாசம் நாலரை மணி.)

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியானால் போகும் பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். உங்கள் டிக்கெட்டே அதை மறுக்கிறது. கொருக்குப்பேட்டையைத் தாண்டி ஓடும் மின்சார ரயிலில் சாவிக்கொத்தை மேலே தூக்கிப் போட்டால் அது போட்டவர் கைக்கே திரும்புவதுபோல, காற்றுமண்டலமும் அதில் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. வட இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரையுள்ள வான்வெளியில், விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு வழி நெடுகச் சராசரியாக 50 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் தரைக்கணக்கில் 850-தான் தேறும். திரும்புகையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ள, 950 கிடைக்கும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கையில் இதுவே ஒரு மணி நேரமாகிவிடுகிறது.

இரு நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், ஓமன், ஈராக் வழியாகப் போகும். பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் தெரிவதே உண்மையான குறுக்குவழி: பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடலில் பாகூவுக்கு அருகே, பிறகு உக்ரைன். ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் அந்த நூல் வழியே அப்படியே பறக்க முடியாது. விமானங்கள் சுற்றிப் போகின்றன, தூரமும் கூடுகிறது.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது பின்னிரவு 2.30-க்கு, நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து தண்டையார்பேட்டை வழியாக விமான நிலையம்வரை மெட்ரோ இருந்தும் அந்த நேரத்தில் அது ஓடாது. இரவு 1.15-க்குள் காரில் கிளம்பிவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவில்தான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.