டிக்டாக்கில் செய்தி பார்க்கும் மகன் தீவிர வலதுசாரி ஆகிவிடுவானா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். 19 வயது மகன் செய்தியை டிக்டாக்கில் மட்டுமே பார்க்கிறான். அதில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் காணொளிகளே மிகுதி. கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சமூக ஊடகத்தில் செய்தி பார்ப்பதற்கும் தீவிர வலதுசாரி ஆதரவுக்கும் இடையே தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் காணொளி பார்த்ததால் மனம் மாறியதா, ஏற்கெனவே மாறிய மனம் அத்தகைய காணொளிகளைத் தேடிப் போனதா என்பதை அந்தத் தொடர்பைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே, 1999இல், ஆஸ்திரியாவின் தீவிர வலதுசாரிக் கட்சியான எஃப்பிஓ 26.9% வாக்குகள் பெற்றது.

ஒரு விதிவிலக்கைப் பெற்றோர் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏஎஃப்டி 20.8% பெற்ற 2025 பிப்ரவரி ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், 25 வயதுக்குட்பட்டோரிடம் முதலிடம் பிடித்தது இடதுசாரிக் கட்சியான டி லிங்க. அதன் தலைவர்களில் ஒருவரான ஹைடி ரைஹினெக் ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை பரவியதும் இதே டிக்டாக்கில்தான். ஏஎஃப்டிக்கோ அந்த இளைஞர்களைவிட 35 முதல் 44 வயதினரிடையேதான் ஆதரவு அதிகம். ஆகவே செயலியின் பெயரைக் கொண்டு பிள்ளையின் வாக்கைக் கணிக்காதீர்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொரு கூட்டத்துக்கு. "உங்கள் பிள்ளையின் அல்காரிதத்தைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் தனிப்பயன் பரிந்துரையை (பார்த்தவற்றைக் கொண்டு அடுத்த காணொளியைத் தேர்ந்து காட்டுவதை) செயலியின் அமைப்புகளிலேயே அணைத்து வைக்கலாம்; அதற்குக் காசு எதுவும் வேண்டாம். வேண்டாத காணொளியை விரலால் அழுத்திப் பிடித்து "ஆர்வமில்லை" என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

இதைவிடத் துல்லியமாக ஆய்வாளர்களாகிய நாங்கள் சொல்ல வேண்டுமானால் தரவு வேண்டும். எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று அறிய ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரௌட்டேங்கிள் கருவியை, ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இருந்தும், விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. இந்த இழுத்தடிப்பை இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இன்றிரவு மகனருகே அமர்ந்து ஒரே ஒரு காணொளியைச் சேர்ந்து பாருங்கள். உதாரணமாக, கத்திக்குத்துச் சம்பவம் ஒன்று இருபது விநாடி ஓடும். அதில் நாளும் இருக்காது, ஊரும் இருக்காது, பின்னணி இசை மட்டும் பதற வைக்கும். "இது எங்கே, எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். இருவருமாகத் தேடி, ஜெர்மன் பொது ஒளிபரப்பின் செய்தி நிகழ்ச்சியான டாகஸ்ஷௌ போன்றவற்றின் டிக்டாக் கணக்கில் அதே செய்தி எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.